முனைவர் பட்டமும் தஞ்சோங் ரம்புத்தானும்

பேராக் மாநிலத் தமிழர்களிடம் மனநலம் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழுவது ஓர் ஊரின் பெயர்: தஞ்சோங் ரம்புத்தான். ஈப்போவிலிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்பது மலேசியா முழுக்க, எல்லா இனத்தாரிடமும் புழங்கும் கிண்டல். புத்தகமும் கையுமாகக் கிடக்கும் பிள்ளைக்கு அதுவே அக்கறையான எச்சரிக்கையாகவும் மாறும். ரொம்பப் படிக்காதே, மண்டை குழம்பிவிடும், அப்புறம் அங்கேதான் போகவேண்டும்.

அந்த மருத்துவமனை 1911இல் கூட்டு மலாய் மாநிலங்களின் மனநோயாளர் விடுதியாகத் திறக்கப்பட்டது. 1971இல் அதற்கு ஹோஸ்பிட்டல் பஹாகியா என்று பெயர் சூட்டினார்கள். பலகை மாறியதே தவிர கிண்டல் மாறவில்லை. ஈப்போ புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ வளர்ந்த ஒருவர் முனைவர் பட்ட ஆய்வின் நடுவில் மாதக்கணக்கில் தூக்கம் இழந்தாலும், வயிற்றெரிச்சல், ஒற்றைத் தலைவலி என்று சொல்லித்தான் கிளினிக்குக்குப் போவார். ஆலோசகரைப் பார்ப்பது என்பது அவர் காதில் அந்த ஊர்ப்பெயராகவே விழும்.

மலாயாவில் ஆய்வும் மனநோயும் சந்தித்துக்கொண்ட முதல் இடங்களில் ஒன்று ஆய்வாளரின் மனத்தோடு துளியும் தொடர்பில்லாதது. 1905இல் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் ஒரு சோதனை நடத்தினார். அங்கிருந்தவர்களில் ஒரு பாதிக்குத் தீட்டிய பச்சரிசிச் சோறு, மறுபாதிக்குப் புழுங்கலரிசிச் சோறு. பெரிபெரி நோய்க்கு அரிசிதான் காரணமா என்று பார்ப்பது நோக்கம். புழுங்கலரிசி சாப்பிடும் தமிழ்த் தொழிலாளர்களை அந்நோய் அதிகம் தொடவில்லை என்பதை மலாயா மருத்துவர்கள் அதற்கு முன்பே கவனித்திருந்தார்கள். தீட்டிய அரிசி உண்டவர்களில் பலர் நோயுற்றனர், 18 பேர் இறந்தனர். 1907இல் முடிவு லான்செட் இதழில் வெளிவந்தது. உயிர்ச்சத்து பற்றிய அறிவியலுக்கு அது பெரும் பங்களிப்பு. சோதனைக்குள்ளானவர்களின் சம்மதத்தை அந்தக் காலம் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. இன்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் அப்படியொரு ஆய்வு நடக்க முடியாது. நெறிமுறைக் குழுக்கள் வந்துவிட்டன, ஆய்வுக்கு உட்படுவோரின் மனம் புண்படுமா என்று பக்கம் பக்கமாகக் கேட்கின்றன. ஆய்வு செய்பவர் என்ன ஆவார் என்ற கேள்வி மட்டும் அந்தப் படிவங்களில் பெரும்பாலும் இருப்பதில்லை.

பேராக்கில் அந்தக் கேள்விக்கு உரியவர்கள் குறைவில்லை. தஞ்சோங் மாலிமில் 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பழைய ஈய வயல்களின் ஊரான கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம். ஈப்போவிலேயே மருத்துவக் கல்லூரி. 2023க்குள் 60,000 முனைவர்களை உருவாக்குவது என்ற இலக்கோடு அரசு மைபிரெய்ன் 15 என்ற உதவித்திட்டத்தைக் கொண்டுவந்தபோது, பட்ட மேற்படிப்பு திடீரென்று நடுத்தர வர்க்கத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கும் எட்டும் தூரத்துக்கு வந்தது. தலைகளை எண்ணும் இலக்கு அது. அந்தத் தலைகளுக்குள் நடப்பதற்கு எந்த இலக்கும் வைக்கப்படவில்லை.

வந்தவர்களில் ஒரு பகுதியினர் தோட்டத்துப் பிள்ளைகள், அல்லது தோட்டத்துப் பேரப்பிள்ளைகள். மலாயாவில் ரப்பர் கன்றுகள் முதலில் வேரூன்றிய இடங்களில் ஒன்று பேராக்கின் கோலகங்சார். 1877இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ தம் தோட்டத்தில் நட்டார். அதற்குப் பின் வந்த கித்தா எனப்படும் ரப்பர்க் காடுகளில்தான் தமிழர்கள் லயம் என்ற வரிசை வீடுகளில் குடியேற்றப்பட்டார்கள். மாநிலத்தில் இன்றும் 134 தமிழ்ப்பள்ளிகள் இருப்பது அந்த வரலாற்றின் எச்சம். நாட்டிலேயே எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. 1980க்கும் 2000க்கும் இடையில் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறியபோது நாடு முழுக்க 3 லட்சம் இந்தியர்கள் இடம்பெயர்ந்தார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. வேலையோடு வீடும் கோயிலும் மருந்தகமும் ஒரே நாளில் கைவிட்டுப் போகிற இடப்பெயர்வு அது. அந்தக் குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கேயும் நிற்காமல் ஆய்வு வரை வந்தவர்களைப் பற்றியே இங்கே பேச்சு.

அதற்கு முன் உலகத்துக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடலாம். 2017இல் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு, அவர்களில் 32 விழுக்காட்டினர் மனச்சோர்வு போன்ற மனநலக் கோளாறுக்கு ஆளாகும் அபாயத்தில் இருப்பதாகச் சொன்னது. நன்கு படித்துவிட்டு வேறு வேலைகளில் இருப்பவர்களைவிட இது கணிசமாக அதிகம். மறு ஆண்டு நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரின் விடைகள் வெளியாயின. 41 விழுக்காட்டினரிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான பதற்றம், 39 விழுக்காட்டினரிடம் அதே அளவு மனச்சோர்வு, பொதுமக்களிடம் வெறும் 6 என்று அது அறிவித்தது. பத்திரிகைகள் இந்த 'ஆறு மடங்கை'ப் பிடித்துக்கொண்டு இன்றுவரை விடவில்லை. ஆனால் அந்த ஆய்வில் பதில் சொன்னவர்கள் தாமாக முன்வந்தவர்கள். மனத்தில் சுமை உள்ளவர்தாம் மனநலக் கேள்வித்தாளை முதலில் திறப்பார். 2021இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது முனைவர் பட்ட மாணவர்களில் மனச்சோர்வு 24, பதற்றம் 17 விழுக்காடு என்று கணக்கு இறங்கியது. இறங்கினாலும் அது நான்கில் ஒருவர்.

இவற்றையெல்லாம்விடக் கனமானது 2024இல் சுவீடனில் வெளிவந்தது. அந்த ஆய்வாளர்கள் யாரிடமும் கேள்வித்தாள் நீட்டவில்லை, நாட்டின் மருந்துப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். ஆய்வில் சேர்வதற்கு முன் இந்த மாணவர்கள் மனநல மருந்து வாங்கிய அளவு மற்ற பட்டதாரிகளைப் போலத்தான் இருந்தது. சேர்ந்த பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஏறி, ஐந்தாம் ஆண்டில் முன்பிருந்ததைவிடச் சுமார் 40 விழுக்காடு கூடியது. படிப்பு முடியும் காலம் கடந்ததும் இறங்கத் தொடங்கியது. 'ஆய்வுக்கு வருகிறவர்களே கொஞ்சம் பலவீனமானவர்கள்' என்று மூத்த பேராசிரியர்கள் தேநீர் மேசையில் சொல்லும் விளக்கத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் இடம் கொடுக்கவில்லை. சுவீடனில் முனைவர் பட்ட மாணவர் மாதச் சம்பளம் வாங்கும் ஊழியர் என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும். அங்கேயே இந்த நிலை என்றால், உதவித்தொகை எப்போது நிற்கும் என்று தெரியாதவரின் ஐந்தாம் ஆண்டு எப்படி இருக்கும்?

ஃபிளாண்டர்ஸ் ஆய்வில் செய்தித்தாள்கள் அதிகம் பேசாத பகுதி ஒன்று உண்டு. எது மனத்தைக் கெடுக்கிறது என்று அவர்கள் தேடியபோது கிடைத்தவை எல்லாம் வேலையின் அமைப்பைச் சேர்ந்தவை. வேலையும் குடும்பமும் மோதுவது, வேலைப்பளு, தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை எவ்வளவு என்பது, வழிகாட்டி நடத்தும் விதம், முடிவுகள் எடுக்கப்படும் முறை, பல்கலைக்கழகத்துக்கு வெளியே பிழைப்பு உண்டா என்ற நம்பிக்கை. தியானமும் மூச்சுப்பயிற்சியும் நல்லவைதாம். ஆனால் இந்தப் பட்டியலில் உள்ள எதையும் அவை தொடுவதில்லை. 'ஆய்வு மாணவர்களுக்கு மனவலிமைப் பட்டறை' என்று ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கிவிட்டுப் பல்கலைக்கழகங்கள் கடமை முடிந்ததாக நினைப்பது, செலவு குறைவு என்பதால்தான் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

பேராக்கின் தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தப் பட்டியலின் முதல் வரியே கனக்கும். அவருடைய தாத்தாவோ அம்மாவோ செய்த வேலைக்குக் கண்ணுக்குத் தெரியும் அளவு இருந்தது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு, பிறகு மரத்துக்கு மரம் வெட்டு, மங்குக் கோப்பையில் பால், ஸ்டோரில் நிறுவை, பேரேட்டில் எண். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை என்பதுகூட எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. பேரப்பிள்ளையின் வேலைக்கு நிறுவை இல்லை. ஆறு மாதம் உழைத்து எழுதிய இயலைப் பேராசிரியர் ஒரே வரியில் திருப்பி அனுப்பினார் என்பதை வீட்டில் எப்படிச் சொல்வது? "இன்னும் முடியலையாய்யா?" என்று அம்மா கேட்பது அக்கறையில்தான். முப்பது வயதுக்கு மேல், பி.டி.பி.டி.என். கல்விக் கடனைத் தலையில் வைத்துக்கொண்டு, தம்பியின் சம்பளத்தில் நடக்கும் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது குற்றப்பத்திரிகை போலவே காதில் விழும்.

பணத்தின் கணக்கும் பொருந்துவதில்லை. மலேசியாவின் அடிப்படை ஆய்வு மானியம் பொதுவாக 2 முதல் 3 ஆண்டுகளுக்கே தரப்படுகிறது. அந்த மானியத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து பட்டத்துக்கும் பதிவு செய்தவருக்கு, பட்டம் முடியுமுன் மானியம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பகலில் டியூஷன், இரவில் ஆய்வேடு. இதற்கு மேல் ஸ்கோப்பஸ் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை வந்தால்தான் பட்டம் என்று பல இடங்களில் நிபந்தனை. வேதியியல் மாணவருக்கு அது கடினம்தான், ஆனாலும் பாதை தெரியும். தமிழ்ப்பள்ளிகளைப் பற்றியோ தோட்டத்து நாட்டார் வழக்காற்றைப் பற்றியோ ஆராய்பவருக்கு அவருடைய துறையின் தமிழ் இதழ்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. தமிழில் யோசித்து, மலாயில் ஆய்வேடு எழுதி, ஆங்கிலத்தில் கட்டுரை அனுப்புகிற உழைப்பு எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் ஏறுவதில்லை.

இந்த உழைப்புக்கு ஓய்வும் இல்லை. ரப்பர் மரத்துக்குக்கூட ஓய்வுக் கணக்கு இருந்தது. மலாயாவின் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் நிறுவப்பட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது, பட்டை மறுபடி வளரக் காலம் கொடுப்பது என்று தோட்டங்களில் நடந்த முறைகளுக்குப் பின்னால் பல ஆண்டுச் சோதனை உண்டு. ஓயாமல் வெட்டிய மரத்தின் வெட்டுமுகம் வறண்டு பால் நின்றுபோகும் என்பதைத் தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கும் தண்டலும் அறிவார், துரையும் அறிவார்.

முதல் தலைமுறை ஆய்வாளரின் தனிமைக்குத் தமிழ் உலகம் அறிந்த பெரிய எடுத்துக்காட்டு கும்பகோணத்தில் வளர்ந்தவர். சீனிவாச ராமானுஜன் 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனார். சில மாதங்களில் முதல் உலகப்போர் மூண்டது. மரக்கறி உணவுக்குத் தானே சமைத்துக்கொண்டார், பொருள்கள் கிடைப்பது அரிதாயிற்று. அங்கே அவருக்கு நண்பரான பி.சி. மகலனோபிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. இரவில் குளிர் தாங்கவில்லை என்று ராமானுஜன் சொன்னார். அறைக்குப் போய்ப் பார்த்தால், படுக்கையில் கம்பளிகள் ஓரம் செருகி விரிக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்கவேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது, மேலேயே படுத்திருந்தார். எண்களின் பிரிவினையில் உலகம் வியக்கும் சூத்திரங்களை எழுதிக்கொண்டிருந்தவர் அவர். கம்பளியைப் பற்றி அவரிடம் அதுவரை யாரும் சொல்லவில்லை. பல்கலைக்கழகம் என்பது இப்படி எழுதப்படாத விதிகளால் ஆனது. வழிகாட்டிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை நினைவூட்டலாம், கருத்தரங்கில் யாரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளலாம், ஒரு செமஸ்டர் ஒத்திவைக்க முடியுமா என்பதெல்லாம் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையில் தெரிந்துவிடும். லயத்திலிருந்து வந்தவர் பட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

1917இல் ராமானுஜன் நோயில் விழுந்தார். டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ தேர்தலில் அந்த ஆண்டு அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. வீட்டில் மாமியார் மருமகள் பூசலில் கடிதங்களும் ஒழுங்காக வரவில்லை. 1918 தொடக்கத்தில் லண்டனில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார், காப்பாற்றப்பட்டார். அன்றைய இங்கிலாந்தில் அது குற்றம். வழக்கு வராமல் காவல்துறையிடம் பேசித் தடுத்தவர் அவருடைய கேம்பிரிட்ஜ் வழிகாட்டியான கணிதவியலாளர் ஹார்டி. அதே ஆண்டு மே மாதம் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோவாகவும் அக்டோபரில் டிரினிட்டியின் ஃபெல்லோவாகவும் ராமானுஜன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1919இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரலில் 32 வயதில் மறைந்தார். ஹார்டி அவருடைய கணிதத்தை உலகில் வேறெவரையும்விட நன்றாக அறிந்திருந்தார், வாழ்க்கையைக் கொஞ்சம்தான் அறிந்திருந்தார். நல்ல வழிகாட்டிகளிடமும் காணப்படும் இடைவெளி இது. கெட்ட வழிகாட்டிகளின் கதை வேறு.

இங்கிலாந்தின் அந்தச் சட்டத்தின் நிழல் பேராக் வரைக்கும் நீண்டிருந்தது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. காலனி ஆட்சி அதே சட்டத்தை மலாயாவுக்கும் கொண்டுவந்தது, பிரிவு எண்கூட மாறவில்லை. இங்கிலாந்து தன் சட்டத்தை 1961இல் விட்டுவிட்டது. இலங்கை 1998இல் கைவிட்டது, சிங்கப்பூர் 2020இல். இந்தியா 2017இன் மனநலச் சட்டத்தால் அதன் பல்லைப் பிடுங்கி, 2024 ஜூலையில் புதிய சட்டத்தொகுப்பு வந்தபோது பிரிவையே கைவிட்டது. மலேசிய நாடாளுமன்றத்தின் மக்களவை 2023 மே மாதத்தில் நீக்க மசோதாவை நிறைவேற்ற, செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை, மனம் உடைந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. போலீஸ் வருமோ என்று குடும்பங்கள் உண்மையை மறைத்தன. சட்டம் போய்விட்டது, மறைக்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. தேசிய சுகாதார ஆய்வின்படி மனச்சோர்வுள்ள மலேசியர்கள் 2019இல் 2.3 விழுக்காடு, 2023இல் 4.6. நோய் இரட்டித்தது ஒரு பக்கம் என்றால், வெளியே சொல்லும் துணிவு வளர்ந்ததும் இந்த எண்ணிக்கையில் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

வழிகாட்டியின் அதிகாரம் பற்றித் தமிழ்நாட்டில் 2023இல் ஒரு கடினமான விவாதம் எழுந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வு மாணவர் ஒருவரின் மரணத்துக்குப் பிறகு, ஓய்வுபெற்ற காவல்துறைத் தலைவர் திலகவதியின் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 'கல்மரம்' நாவலுக்காக 2005இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற எழுத்தாளர் திலகவதிதான் அவர். விசாரணைக்குப் பின் வழிகாட்டியான பேராசிரியர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். ஒரு தனி மனிதரின் குணம் பற்றியதாக அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அதற்குள் இருக்கும் ஏற்பாட்டைப் பார்த்தால் அப்படி நகர முடியாது. ஒரே ஆள் தலைப்பை ஏற்கிறார், பணம் தருகிறார், கட்டுரையில் பெயர் சேர்க்கிறார், பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார், முடிந்தது என்று கையெழுத்திடுகிறார். வேறு வேலைகளில் ஒருவர் கையில் இத்தனையும் சேர்வது அரிது.

பேராக்கின் சித்தியவானில் பிறந்த பி. ராமசாமி, தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி ஆராய்ந்து 1994இல் வெளியிட்ட நூல் இன்றும் அத்துறையில் தவிர்க்க முடியாதது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவருடைய ஒப்பந்தம் 2005இல் நிறுத்தப்பட்டது. பிறகு அரசியலுக்கு வந்து பினாங்கின் துணை முதல்வரானார். எல்லாருக்கும் அப்படி இன்னொரு கதவு திறப்பதில்லை. 1971இன் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டமும், அரசு சார் அமைப்புகளின் ஊழியர் ஒழுங்கு பற்றிய 2000ஆம் ஆண்டின் 605ஆம் சட்டமும் விரிவுரையாளர் வெளியே பேசுவதற்கு வேலி போடுகின்றன. இனம், நிலம், கூலி பற்றி ஆராயும் இளையவர் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்த வேலியை நினைத்துக்கொள்கிறார். தோட்டத் தொழிலாளருக்கு 1954லேயே தேசியச் சங்கம் அமைந்துவிட்டது. அதன் செயல்பாட்டைப் பற்றி ஆயிரம் விமர்சனம் இருக்கலாம், ஆனாலும் போய் முறையிட ஓர் அலுவலகம் இருந்தது. அந்தச் சங்கத்தைப் பற்றி ஆய்வேடு எழுதும் ஒப்பந்த உதவியாளருக்குச் சங்கம் கிடையாது.

இன்னொரு பாரம் ஆய்வுப் பொருளிலிருந்தே வருகிறது. சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களின் குடும்பக் கதைகள், 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுடப்பட்டதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம், கள்ளுக்கடை, சம்சு சாராயம், குண்டர் கும்பல், வெளியேற்ற நோட்டீஸ், இடிபட்ட கோயில். அமெரிக்க மானிடவியலாளர் ஆண்ட்ரூ வில்ஃபோர்ட் தோட்டத் தமிழர்களின் இழப்பைப் பற்றி 2014இல் ஒரு நூல் வெளியிட்டார். எவ்வளவு ஈடுபாட்டோடு எழுதினாலும் அவர் வேறு ஊர் திரும்பக்கூடியவர். பேட்டி எடுப்பவர் அதே லயத்தின் பேரப்பிள்ளை என்றால், ஒலிப்பதிவில் அழுகிற பாட்டி அவருடைய பெரியம்மாவாக இருக்கலாம். பதிவை எழுத்தாக்க அதைப் பத்து முறை கேட்கவேண்டும். பிறகு 'பங்கேற்பாளர் 7' என்று பெயரிட்டு அட்டவணையில் போடவேண்டும்.

களத்தின் தனிமை என்ன செய்யும் என்பதற்குப் பேராக்கிலேயே பழைய கதை இருக்கிறது. கேம்பிரிட்ஜில் படித்த மானிடவியலாளர் பேட் நூன் 1931இல் தைப்பிங்கின் பேராக் அருங்காட்சியகத்தில் கள ஆய்வாளராகச் சேர்ந்து, மலைகளில் தெமியார் பழங்குடி மக்களிடையே வாழ்ந்து, அவர்களிலேயே மணமும் புரிந்தார். ஜப்பானியர் காலத்தில் காட்டுக்குள் தங்கி 1943இல் காணாமல் போனார். கொல்லப்பட்டார் என்று பின்னர் தெரியவந்தது, உடல் கிடைக்கவில்லை. அவரோடு 1934இல் மலைக்குச் சென்ற அமெரிக்கர் கில்டன் ஸ்டூவர்ட் வேறு விதமாகப் புகழ்பெற்றார். தெமியார் காலையில் கனவுகளைக் கூடிப் பேசியே மனநோய் இல்லாமல் வாழ்கிறார்கள் என்று 1951இல் எழுதினார். 1960களின் அமெரிக்கா அதைக் கொண்டாடியது, கனவுக் குழுக்கள் முளைத்தன. 1985இல் உளவியலாளர் வில்லியம் டொம்ஹாஃப் சான்றுகளைத் தேடிப் போனபோது அந்தச் சித்திரம் பெரும்பாலும் ஸ்டூவர்ட்டின் கற்பனை என்று தெரிந்தது. பேராக் மலைகளைக் காட்டி உலகுக்கு மனநலம் கற்பித்த அவர் களத்தில் கண்டதாக எழுதியதை நெடுங்காலம் யாரும் சரிபார்க்கவில்லை. கேள்வி கேட்கும் துணை இல்லாமை ஆய்வாளரின் மனத்தை மட்டும் கெடுப்பதில்லை, ஆய்வையும் கெடுக்கும்.

என்ன செய்யலாம் என்பதற்கு விடை தஞ்சோங் மாலிம் வளாகத்துக்குள்ளேயே பாதி இருக்கிறது. அங்கே வழிகாட்டல், ஆலோசனைத் துறையில் ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கிறார்கள். கம்பாரிலும் அப்படியே. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு பெறவேண்டிய தொழில் அது. பயிற்சி ஆலோசகர் பிறர் துயரைக் கேட்ட பிறகு மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து, கேட்டது தன்னை என்ன செய்தது என்று பேசவேண்டும். பயிற்சியின் கட்டாயப் பகுதி அது. அதே துயரை அடுத்த துறையில் வாய்மொழி வரலாறு என்ற பெயரில் மணிக்கணக்கில் கேட்கும் ஆய்வாளருக்கு அப்படி ஒரு நாற்காலி போடப்படுவதில்லை. நெறிமுறைப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: இந்தக் களப்பணிக்குப் பிறகு ஆய்வாளர் யாரிடம் பேசுவார்?

வழிகாட்டியோடு முதல் மாதத்திலேயே எழுத்தில் ஓர் உடன்பாடு செய்துகொள்வது இன்னொன்று. மாதம் எத்தனை சந்திப்பு, அனுப்பிய இயல் எத்தனை வாரத்தில் திரும்பும், கட்டுரையில் யார் பெயர் முதலில், மானியம் நின்றால் என்ன ஏற்பாடு. இரண்டாவது வழிகாட்டி பெயரளவில் இல்லாமல் நிஜமாகவே இருந்தால் பாதிப் பூசல் எழாது. சேர்ந்து எழுதும் குழுக்களுக்குச் செலவே இல்லை. வாரத்துக்கு ஒரு காலை, ஒரே மேசை, தொலைபேசி பையில். ஈப்போவில் அதற்கு நூலகமும் உண்டு, வெள்ளைக் காப்பிக் கடையும் உண்டு. இன்று எத்தனை பத்தி என்று ஒருவருக்கொருவர் கேட்கும்போது, வீட்டில் கிடைக்காத நிறுவை அங்கே கிடைத்துவிடும். தமிழில் பேசக்கூடிய ஆலோசகர் வேண்டும் என்று கேட்பதும் நியாயமான கோரிக்கை. சுல்தான் இட்ரிஸில் தமிழ்மொழிக் கல்வித் துறையும் ஆலோசகர் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது அது எட்டாத காரியம் ஆகாது.

வளாகத்துக்கு வெளியேயும் உதவி உண்டு. சுகாதார அமைச்சின் 15555 என்ற உதவி எண் 2022இலிருந்து இயங்குகிறது. பெஃப்ரெண்டர்ஸ் அமைப்புக்கு ஈப்போவிலும் கிளை உண்டு, அழைப்பவர் பெயரைக்கூடச் சொல்லவேண்டியதில்லை. அரசின் மென்டாரி சமூக மனநல மையங்களில் சிகிச்சை பெற மருத்துவமனை வார்டில் படுக்கவேண்டியதில்லை. தஞ்சோங் ரம்புத்தானிலேயே வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது, அங்கே காலையில் போய் மாலையில் வீடு திரும்பிவிடலாம். இதை ஆய்வு மாணவரைவிட அவருடைய அம்மாவும் தம்பியும் தெரிந்துகொள்வது முக்கியம்.

மருத்துவக் காரணத்துக்காக ஒரு செமஸ்டரை ஒத்திவைக்கப் பல்கலைக்கழக விதிகள் பொதுவாக இடம் தருகின்றன. அந்தக் காலம் பட்டத்துக்கான உச்ச வரம்பில் சேருமா, உதவித்தொகை அப்போது நிற்குமா, சான்றிதழில் நோயின் பெயர் எழுதப்படுமா, அது துறை அலுவலகத்தில் எத்தனை பேர் கையில் போகும் என்பவை இடத்துக்கு இடம் மாறும். பல இடங்களில் அந்த விண்ணப்பம் முதலில் போக வேண்டியது வழிகாட்டியின் மேசைக்கு. வழிகாட்டியோடுதான் சிக்கல் என்கிற மாணவரும் அதே மேசைக்குத்தான் போகவேண்டும். பட்ட மேற்படிப்பு அலுவலகங்கள் மாற்ற வேண்டியது முதலில் இந்தப் படிவத்தின் பாதையை. அதற்கு மானியம் எதுவும் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.